ஸ்பூனைக் கண்டால் வாயை மூடும் குழந்தை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

என் மூத்த மகள் ஆறு மாதம் முடிந்த வாரத்தில் முதல் வாய் கூழ் வாங்கினாள். ஒன்பதாம் மாதத்திலோ, ஸ்பூனைக் கண்டாலே என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இடைப்பட்ட மூன்று மாதமும் நான் செய்த தவறு ஒன்றேதான். அழுவதற்காக அவள் வாயைத் திறக்கும் நொடிக்குக் காத்திருந்து ஸ்பூனை உள்ளே வைத்துவிடுவேன். கிண்ணம் காலியானது, எடையும் ஏறியது. ஆனால் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்தாலே அழுகை தொடங்கிவிடும் என்ற நிலை வந்துவிட்டது. அதை மாற்ற ஆறு வாரம் பிடித்தது.

இளையவன் பிறந்தபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: ஸ்பூனை உதடு வரை கொண்டுபோவது என் வேலை, அதற்கு மேல் உள்ளே போக அவன் சம்மதம் வேண்டும். கீழே வரும் தீர்வுகள் பெரும்பாலும் இந்த விதியிலிருந்து கிளைத்தவைதான்.

உங்கள் குழந்தையிடம் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேயே இருக்கும்.

## எதற்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

வயது முதலில். ஆறு மாதம், அதாவது 180 நாள் முடிந்ததும் இணை உணவைத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறும், எனவே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நாள்கணக்கோடு குழந்தையையும் பார்க்க வேண்டும். தலை ஆடாமல் நிற்கிறதா? பிடிப்புக் கொடுத்தால் நிமிர்ந்து உட்காருகிறதா? நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையும் வாயையும் பார்த்துப் பார்த்துத் தானும் வாயை அசைக்கிறதா? இவை தெரிந்தால் தொடங்கலாம். மறுக்கிறதே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடும், பால் மட்டும் அந்தக் குறையை ஈடுகட்டாது.

அடுத்தது உட்காரும் விதம். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். நீங்களே ஒருமுறை சாய்ந்து படுத்தபடி யாரையாவது ஒரு ஸ்பூன் கஞ்சி ஊட்டச் சொல்லிப் பாருங்கள். தொண்டை தானாக இறுகும், கை தானாகத் தடுக்க வரும். மடியில் மல்லாத்தி ஊட்டப்படும் குழந்தைக்கும் அதே பயம்தான். முதுகு நேராக இருக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடிந்து, பாதம் எதன் மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையின் கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். நீங்கள் எதிரே, அதன் கண்மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் ஸ்பூன் மேலிருந்து இறங்கும், குழந்தை தலையை அண்ணாந்தே வாங்க வேண்டியிருக்கும். அண்ணாந்த கழுத்தோடு விழுங்குவது கடினம்.

ஸ்பூன் குழந்தையின் வாயைவிட அகலம் குறைந்ததாக, குழி ஆழமில்லாததாக, ஓரம் மழுங்கியதாக இருக்கட்டும். ஆழமான குழியிலிருந்து உணவை வழித்தெடுக்க மேலுதட்டுக்கு இன்னும் பலம் போதாது.

நேரமும் முக்கியம். வயிறு நிறையப் பால் குடித்த குழந்தைக்கு ஸ்பூன் தேவைப்படாது. பசியில் வீறிடும் குழந்தையால் புதிய வித்தையைக் கற்றுக்கொள்ள முடியாது. கொஞ்சம் பால் கொடுத்துப் பசியின் வேகத்தைத் தணித்த பிறகு ஊட்டுவது தொடக்க வாரங்களில் நன்றாகப் பலிக்கிறது.

## வாயில் வைத்ததையெல்லாம் நாக்கு வெளியே தள்ளுகிறது

உணவு பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பால் குடிக்கும் பருவத்தில், உதட்டில் படும் எதையும் நாக்கு முன்னோக்கித் தள்ளும். இது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். பொதுவாக நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மங்கிவிடும். சில குழந்தைகளிடம் சற்றுத் தாமதமாகும்.

வெறும் ஸ்பூனைக் கீழுதட்டில் மெல்ல வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நாக்கு உடனே வெளியே நீண்டால், ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். எப்போதாவதுதான் நீள்கிறது என்றால் கோளாறு வைக்கும் முறையில் இருக்கலாம். ஸ்பூன் நுனியை உதட்டோரத்தில் மட்டும் வைத்தால் நாக்கு தள்ளத்தான் செய்யும். அதற்காகத் தொண்டை வரை கொண்டுபோனால் ஓங்கரிக்கும். நாக்கின் நடுப்பகுதியில், கிடைமட்டமாக, இலேசாக அழுத்தம் தெரியும்படி வைத்து நிறுத்துங்கள். மேலுதடு இறங்கி மூடும் வரை காத்திருந்து, வைத்த வழியிலேயே நேராக வெளியே எடுங்கள். எடுக்கும்போது ஸ்பூனை மேல்நோக்கித் தூக்கி மேலீறில் வழித்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் உதட்டுக்கு வேலையே இல்லாமல் போகும், நாக்கு பின்னோக்கி நகரவும் கற்காது.

தண்ணீராக ஓடும் கூழும் வழிந்து வரும். சாய்த்தால் ஸ்பூனிலிருந்து உடனே ஒழுகாத பதத்தில் மசியுங்கள்.

## ஸ்பூன் வருவதைப் பார்த்ததும் வாய் இறுகிவிடுகிறது

அதிகமான பெற்றோர் மனம் நொந்துபோவது இந்த இடத்தில்தான். இங்கே குழந்தை உணவைச் சுவைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பூனைக் கண்டே முடிவெடுத்துவிட்டது. முன்பு அந்த ஸ்பூனோடு ஏதோ ஒன்று சேர்ந்து வந்திருக்கிறது: சூடு, கசப்பு மருந்து, தொண்டையில் இடித்தது, அல்லது என் மகளுக்கு நேர்ந்ததுபோல் அழும்போது திணித்தது. மருந்து ஊட்டிய ஸ்பூனிலேயே சாப்பாடும் ஊட்டுகிறீர்கள் என்றால் இன்றே இரண்டையும் பிரித்துவிடுங்கள். மருந்துக்கு ஊசியில்லாத சிரிஞ்சு இருக்கிறது.

பிறகு ஸ்பூனைப் பழையபடி நம்பவைக்க வேண்டும். நான் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

முதல் சில நாள் ஸ்பூனால் ஊட்டவே இல்லை. கூழை என் விரல்நுனியில் தொட்டு அவள் எதிரே நீட்டினேன், அல்லது தட்டில் கொஞ்சம் பூசி அவள் கையாலேயே அளையவிட்டேன். ஸ்பூன் விளையாட்டுச் சாமானாக அருகில் கிடந்தது. புதிதாக வேறு நிறத்தில், வேறு பொருளில் வாங்கிய ஸ்பூன் அது. பழையதைக் கண்ணிலேயே காட்டவில்லை. அவள் அதைக் கடித்தாள், தட்டினாள், கீழே போட்டாள்.

அடுத்து, அவளுக்குப் பழகிய ருசியான தாய்ப்பாலிலேயே ஸ்பூனைத் தோய்த்துக் கையில் கொடுத்தேன். பால்பொடி குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பாலையே பயன்படுத்தலாம். தேனைத் தடவிக் கொடுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் பச்சிளம் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் சாகாது.

மூன்றாவதுதான் ஊட்டல். அரை ஸ்பூன் உணவோடு, அவள் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, அவள் பார்வையில் படும்படி கையை நிறுத்தினேன். நகரவில்லை. பேசவில்லை. முதல் இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் ஸ்பூனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஸ்பூனைப் பார்த்தாள். கீழுதடு மட்டும் இலேசாகப் பிரிந்தது. உச்சந்தலை முன்னே சாய்ந்தது. நாற்காலித் தட்டில் மார்பு பட, அவளே எட்டி அந்த ஸ்பூனைக் கவ்வினாள். நான் மூன்று மாதம் துரத்திய வாய் அது. அடுத்த வாயை உடனே நீட்டாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் காத்திருந்தேன். அவள் விழுங்கி, உதட்டை நக்கி, மறுபடி பார்த்த பிறகே கையை உயர்த்தினேன்.

தலை முன்னே சாய்வதும் வாய் தானாகத் திறப்பதும்தான் சம்மதத்தின் அடையாளங்கள். முகத்தைத் திருப்பினால் ஸ்பூனையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கீழே இறக்கிவிடுங்கள். கொஞ்சம் பொறுத்து ஒருமுறை காட்டுங்கள். மறுபடியும் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. கன்னத்தை அழுத்துவது, மூக்கைப் பிடிப்பது, கையைக் கட்டிப்போடுவது எதுவும் கூடாது. பல நாள் வேலை ஒரே வேளையில் வீணாகிவிடும்.

## நான்கைந்து வாய் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது

வயிறு நிறைந்திருக்கலாம். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன், நாளைக்கு இரண்டு மூன்று வேளை என்பதே போதுமானது. எட்டாம் மாதவாக்கில் 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை மெல்ல உயரும். கிண்ணம் பெரிதாக இருப்பதால் குறைவாகச் சாப்பிட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். சிறு கிண்ணத்தில் எடுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள்.

## ஸ்பூன் வேண்டாம். அதே கூழைப் பாட்டிலில் ஊற்றினால் குடிக்கிறது

தயவுசெய்து இந்தக் குறுக்குவழிக்குப் போகாதீர்கள். நிப்பிளின் துளையைப் பெரிதாக்கிக் கூழைக் குடிக்கவைத்தால் புரையேறும் ஆபத்து கூடும். போதும் என்று குழந்தை உணர்வதற்குள் அளவு மீறிவிடும். மெல்லுவதற்கும் நாக்கைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்கும் பழக வேண்டிய மாதங்கள் கையைவிட்டுப் போகும். ஏற்கெனவே பழகியிருந்தால், பாட்டிலில் பால் மட்டும் என்று ஒரு நாளில் நிறுத்துங்கள்; கூழ் ஸ்பூனிலும் விரல்நுனியிலும் மட்டுமே கிடைக்கட்டும். சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். அந்த நாட்களில் பால் அதைத் தாங்கும்.

## ஸ்பூனைப் பிடுங்குகிறது, கையால் தட்டிவிடுகிறது

இது நல்ல அறிகுறி என்று சொன்னால், தரையையும் சுவரையும் துடைத்துக்கொண்டிருப்பவருக்குக் கோபம்கூட வரலாம். ஆனால் உண்மை அதுதான். தானே செய்ய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதன் கையில் ஒரு ஸ்பூன், உங்கள் கையில் ஒரு ஸ்பூன் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது தன் ஸ்பூனைத் திருப்பிப் போட்டு மெல்லும் இடைவெளியில் நீங்கள் உங்களுடையதை நீட்டலாம். இன்னும் நல்லது, உணவு நிரப்பிய ஸ்பூனின் காம்பை அதன் கையில் கொடுத்துவிடுவது. கெட்டியாக மசித்தது என்றால் ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு வாய் வரை போய்ச் சேரும்.

ஒன்பது மாதவாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சிறு துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கும். அப்போது விரலால் நசுங்கும் அளவு வெந்த காய்த் துண்டுகளைத் தட்டில் வையுங்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஓரளவு சிந்தாமல் தாமே ஸ்பூனால் சாப்பிடுவார்கள். அதுவரை கீழே ஒரு பழைய விரிப்பை விரித்துவிடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைத் துடைக்காதீர்கள். ஸ்பூன் வந்தால் கூடவே துணியும் வரும் என்று அதற்குப் பதிந்துவிட்டால் ஸ்பூனையே வெறுக்கும். கடைசியில் ஒருமுறை துடைத்தால் போதும்.

## ஓங்கரிக்கிறது, பயமாக இருக்கிறது

ஓங்கரிப்பதையும் மூச்சடைப்பதையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். குழந்தைகளுக்கு ஓங்கரிக்கும் அனிச்சை நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும். வளர வளரப் பின்னே நகரும். ஓங்கரிக்கும் குழந்தையின் முகம் சிவக்கும், கண்ணில் நீர் கோக்கும், நாக்கு முன்னே நீளும், இருமலும் சத்தமும் கேட்கும். சத்தம் கேட்கிறது என்றால் காற்று போய்வருகிறது. அப்போது விரலை உள்ளே விடாதீர்கள், முதுகில் தட்டாதீர்கள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அதுவே சமாளிக்க விடுங்கள். நாம் அலறினால் உணவைவிட அலறலே அதன் மனதில் நிற்கும். அடிக்கடி நடந்தால் ஸ்பூனில் எடுக்கும் அளவைப் பாதியாக்குங்கள், நாக்கின் முன்பாதியைத் தாண்டி வைக்காதீர்கள்.

மூச்சடைப்பு வேறு. சத்தம் வராது, அழ முடியாது, உதடு நீலம் பாரிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் திருப்பிப் போட்டு மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே அவசர உதவியை அழையுங்கள். நினைவு தப்பினால் உடனே சி.பி.ஆர். (மார்பை விட்டுவிட்டு அழுத்தி, வாய்வழி மூச்சும் கொடுக்கும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவவும் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். முதலுதவிப் பயிற்சியில் பொம்மையை வைத்து இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். முழுத் திராட்சை, கொட்டைப் பருப்புகள், பச்சைக் கேரட் துண்டு, கடின மிட்டாய் இவை இந்த வயதில் தட்டுக்கே வரக்கூடாது.

## வழுவழுப்பான கூழ் மட்டும். சிறு கட்டி வந்தாலும் துப்புகிறது

மிக்சியில் அரைத்து அரைத்தே கொடுத்த குழந்தைகளிடம் இது வரும். இங்கிலாந்தின் ஏவான் பகுதியில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2001-ல் இதைப் பற்றிச் சொன்னது. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைத் தொட்ட குழந்தைகளிடம், பின்னாளில் ஊட்டுவதில் சிரமம் அதிகம் காணப்பட்டது. ஆகவே ஏழு, எட்டு மாதத்திலேயே மிக்சியை ஒதுக்கிவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள்.

தாமதமாகிவிட்டதா? படிப்படியாகப் போங்கள். வழுவழுப்பைக் குறைத்துக் கெட்டியாக்குவது, பிறகு சீரான குறுணை, அதன் பிறகே தனித்துண்டு. தண்ணீர்க் கூழில் மிதக்கும் கட்டிதான் குழந்தைக்கு மிகவும் கடினம். எதிர்பார்த்தது ஒன்று, வாயில் வந்தது இரண்டு என்று ஆகிவிடும். கூழ் தனி, துண்டு தனியாக வைத்துப் பாருங்கள்.

## நேற்று வரை வாங்கியது, இன்று திடீரென்று மறுக்கிறது

உடம்பைப் பாருங்கள். பல் முளைக்கும் ஈறு வீங்கியிருக்கும், அப்போது சற்றுக் குளிர்ந்த மசியல் இதமாக இருக்கும். மூக்கடைத்திருந்தால் வாயை மூடிச் சாப்பிடும்போது மூச்சு முட்டும். காதில் வலி இருந்தால் விழுங்கும்போது வலி கூடும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் இறுகியிருந்தாலும் பசி இருக்காது. திட உணவு தொடங்கிய புதிதில் இது சகஜம்.

ஒரே ஓர் உணவை மட்டும் மறுத்தால் அது வேறு கதை. புதிய ருசி பழக எட்டு, பத்துத் தடவைகூட ஆகும். பலர் மூன்றாவது தடவையிலேயே கைவிட்டு, பிடிக்காது என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். சில நாள் இடைவெளி விட்டு, பிடித்த உணவுக்குப் பக்கத்தில் ஒரு துளி வையுங்கள். தொட்டாலும் போதும், முகர்ந்தாலும் போதும். வாங்கவைப்பதற்காக உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம்.

## கைப்பேசியில் படம் ஓடினால்தான் வாய் திறக்கிறது

அங்கே திறப்பது வாய் மட்டும்தான். குழந்தைக்குத் தான் சாப்பிடுவதே தெரியாது. பசியும் நிறைவும் அதற்குத் தெரியாமலேயே கடந்து போகும். இதை நிறுத்த இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஊட்டும் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். முதலில் நாளின் மிகச் சிறிய வேளையில் மட்டும் திரை இல்லை. அந்த வேளையில் நீங்களும் உங்கள் தட்டோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அதற்கு வேறு காட்சி தேவைப்படாது. ஒரு வேளை பழகியதும் அடுத்த வேளைக்குப் போங்கள்.

## ஒரு வயதுக்குப் பிறகு சாப்பாடே குறைந்துவிட்டது

முதல் ஆண்டில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். துரத்தி ஊட்டத் தொடங்குவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினை இங்கே கைகொடுக்கும்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. வேளைகளுக்கு நடுவே பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள்.

## வீட்டில் தீர்க்க முயலக் கூடாதவை

எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, ஒவ்வொரு வேளையும் இருமலும் புரையேறலும் இருந்தாலோ, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்தாலோ, உணவு மூக்கு வழியே வந்தாலோ, சாப்பிடும்போது முதுகை வில்லாக வளைத்து அலறினாலோ, பத்து மாதமாகியும் கட்டியுள்ள எதையும் விழுங்க முடியாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். விழுங்குவதையும் மெல்லுவதையும் சோதித்துப் பயிற்சி தரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அவர் அனுப்பக்கூடும். புதிய உணவுக்குப் பின் உதடு வீங்குவது, தடிப்பு, தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வேளைச் சாப்பாட்டை முழுவதுமாகக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை அறையில் குழந்தை வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது. கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். குழந்தையின் வாய், உங்கள் கை, ஸ்பூன் மூன்றும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும்.